பாட்டின் நடுவே ஒரு பெயர்

நெரெய்தா காசியானி வாயைத் திறந்தால், பசுர்த்தோ சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அந்தச் சந்தையில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை. பழைய கணினியில் சிடிப் பாட்டுகளை எம்பி3 ஆக மாற்றித் தருவாள். கார்தஹேனா துறைமுக நகரம் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு சுத்தமாகப் பாட்டு இறக்குகிற ஆள் கிடையாது. அவ்வளவு சிடுமூஞ்சியும் கிடையாது.

சிடுசிடுப்புக்குக் காரணம் ஒரே ஆள், பிரிந்துபோன புருஷன் அர்ஹெமிரோ. அவனிடம் ஒரு பிக்கோ இருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய, வண்ணம் தீட்டிய ஒலிபெருக்கி. ஞாயிறுதோறும் தெருவை அடைத்து அதன் முன்னால்தான் ஆட்டம். வேறெவனிடமும் இல்லாத பாட்டு எவனிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் கூட்டம். அந்தப் பாட்டுகளைத் துறைமுகத்தில் ஆப்பிரிக்கக் கப்பல்காரர்களிடம் நாயாய் அலைந்து வாங்கிவந்தவள் நெரெய்தா. அவனோ, போட்டி பிக்கோக்காரர்களுக்கு என்ன பாட்டென்று தெரியக் கூடாதென்று சிடிமேல் இருந்த எழுத்தைச் சுரண்டினான். நகலெடுத்து எவனும் போடாதபடி பாட்டின் நடுவில் தன் பெயரைக் குரலாகப் பதித்தான். கொண்டுவந்தவள் பெயர் எங்கும் இல்லை. கேட்டதற்குச் சிரித்தான்: "பொம்பள பேரப் போட்டா எவன்டி ஆட வருவான்?"

அந்தச் சிரிப்போடு குடித்தனம் முடிந்தது. பிக்கோ அவனுக்கு, மூலச் சிடிகள் அவளுக்கு. அந்தப் பாட்டுகள் இல்லாமல் அவன் கூட்டம் கரைந்தது. ஊரே தெருவில் ஆடும் நவம்பர் விழாவுக்கு முந்தைய நாள் அவனே கடைக்கு வந்து நின்றான்.

"என்ன மகாராணி, சௌக்கியமா?"

"நீ வர்ற வரைக்கும் சௌக்கியந்தான்."

"அந்தப் பாட்டையெல்லாம் மாத்திக் குடு."

"தர்றேன். நடுவுல உன் பேரோட என் பேரையும் போடுவியா?"

"ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கணுமா? மாத்துறது உன் பொழப்பு. பொழப்பப் பாரு."

நெரெய்தா பதில் பேசவில்லை. சந்தைக்கே அது பயமாக இருந்தது. அவன் மட்டும் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் பென்டிரைவ் கைக்கு வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டினான். குரல் பதிக்க நேரமில்லை, தன் பெயரை மைக்கில் கத்திக்கொள்ளலாம் என்று ஓடினான்.

பாடுகிறவன் ஓய்ந்து தாளம் மட்டும் வெறிபிடித்துச் சுழலும் பின்பாதிதான் ஆட்டத்துக்கு உயிர். அன்று தெருவே குதித்துக்கொண்டிருந்தபோது அந்த இடத்தில் பிக்கோ அவள் குரலில் அலறியது: "இந்தப் பாட்டைக் கொண்டாந்தவ நெரெய்தா காசியானி! இவன் போட மறுத்த பேரு நெரெய்தா காசியானி!"

அவன் கை பொத்தானுக்குப் பாய்ந்து, பாதியிலேயே நின்றது. அந்த இடத்தில் பாட்டை நிறுத்துகிறவன் மண்டையில் பீர் பாட்டில் விழும். அடுத்த பாட்டைப் போட்டான். அதிலும் அவள். கூட்டம் கைதட்டி அவள் பெயரையே தாளமாக்கிக்கொண்டது.

நெரெய்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் மேசைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. இத்தனை வருஷ ஆத்திரம் ஒரு பாட்டில் தீராது.

"நாசமாப் போறவளே!" என்று பல்லைக் கடித்தான் அவன்.

"சத்தத்தக் கூட்டுடா," என்றாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."