ஒரு டிராயர் நிறையக் காமாட்சி

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமில் கிளார்க்காக இருந்தேன். பழைய கேஸ் ஷீட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேதி தேதியாகப் புரட்ட வேண்டும். அந்தத் தொல்லையை ஒழிக்க, பெயர் வரிசையில் கார்டு எழுதி டிராயர்களில் அடுக்கினேன். பெயர், கணவர் பெயர், நம்பர். கை வலிக்கிறதென்று தெருவை எழுதாமல் விட்டேன். ரிஜிஸ்டர்களைப் பரணில் ஏற்றிவிட்டு, பெரிய சாதனை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் சிஸ்டர் ஓடி வந்தார்.

"பிள்ளையார்பாளையத்துக் காமாட்சிம்மா. கால் புண்ணு சீழ் வெச்சு நெனவில்லாம கெடக்குது. முன்னாடி இங்க ஊசி போட்டப்ப மூச்சே நின்னு போச்சாம். எந்த ஊசின்னு வீட்டுக்காரருக்குத் தெர்ல. பழைய சீட்டை எடும்மா, சீக்கிரம்!"

டிராயரை இழுத்தேன். முழுக்கக் காமாட்சி. ஊர் அம்மன் பெயராயிற்றே.

"வீட்டுக்காரர் பேரு?"

"ஏகாம்பரம்."

அதுவும் போச்சு. இந்த ஊரில் கூட்டத்தில் ஏகாம்பரம் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பொருந்திய கார்டுகளை எடுத்து ஒவ்வொரு கேஸ் ஷீட்டாக உருவினேன். ஒருத்திக்குப் பிரசவம். அடுத்தவளுக்குக் காசநோய். அவசரத்தில் கார்டுகள் தரையில் சிதறின.

டாக்டரே வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இன்னும்? தப்பான ஊசி போட்டாலும் உசுரு போயிடும், போடாம வுட்டாலும் போயிடும்."

அவர் பின்னால் அந்த ஏகாம்பரம், முழங்கை வரை தறிப் பாவுக்குப் போடும் கஞ்சி காய்ந்த கையோடு நின்றார்.

"போன தடவ எப்பங்க வந்தீங்க?"

"தேதியெல்லாம் தெர்லம்மா. முந்தின வருசம் வைகாசித் திருவிழாவுல, கருட சேவை அன்னிக்கு. ஜனத்துல வண்டி போவல. நான்தான் தூக்கிக்கினு வந்தேன்."

பரணில் ஏறினேன். அந்த வருடத்து ரிஜிஸ்டரில் வைகாசியைப் புரட்டினேன். கருட சேவை நாள் உடனே தெரிந்தது. பக்கம் முழுக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள். நடுவில் மயக்கமில்லாமல் காய்ச்சலோடு ஒரே ஒரு காமாட்சி. நம்பரைப் பிடித்து ஷீட்டை உருவினேன். சிவப்பு மையில் எழுதியிருந்தது: பென்சிலின் ஆகாது.

வார்டில் சிஸ்டர் தயாராக எடுத்து வைத்திருந்ததும் பென்சிலின்தான். டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். பத்து நாளில் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஊருக்கே பொதுவான ஒன்றை வைத்துத் தேடினால் ஊரையே தேட வேண்டிவரும். கம்ப்யூட்டரில் தேடுகிற பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். நாலு பேருக்கு மட்டுமே பொருந்துவது எதுவோ, அதை முதலில் கேளுங்கள்.

கார்டுகள் சிதறிய அன்று சாயங்காலமே, எல்லாவற்றையும் அடுக்கும்போது அந்தப் பிரசவ ஷீட்டைப் பிரித்துப் பார்த்தேன். அது என்னுடையது. என் பெயரும் காமாட்சி, என் வீட்டுக்காரர் பெயரும் ஏகாம்பரம். பதற்றத்தில் என்னையே நான் யாரோ என்று தள்ளிவிட்டிருக்கிறேன். பேனாவை எடுத்து, முதலில் என் கார்டில் தெருப் பெயரை எழுதினேன்.