இரண்டு கார்புரேட்டரும் ஒரு மொபெட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் விஜயநகரில் வாடகைக்குக் குடியிருந்தபோது, அதில் முக்கால்வாசியை என் மோட்டார் சைக்கிளே வாங்கிக் கட்டிக்கொண்டது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி. நான் மட்டும் போனால் பறக்கும்; மனைவி பின்னால் ஏறினால் திக்கித் திணறும். வண்டியைத் திட்டுவேன், பெட்ரோலைத் திட்டுவேன். அவளைத் திட்ட மட்டும் தைரியம் வந்ததில்லை.

அவள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரி. பட்டு நெசவு ஆலை ஒன்றில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. என் ஷிஃப்ட் வேறு, அவள் ஷிஃப்ட் வேறு. பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய், தானே ஓட்டிப்போக ஒரு மொபெட் வேண்டும் என்றாள். இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி கிடையாது. என்னுடையதை விற்றால்தான் அவளுக்கு மொபெட். பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு நிக்காம சாமுண்டி மலை ஏறுச்சுன்னா உங்க வண்டி இருக்கட்டுங்க. ஏறலீன்னா வித்துப்போடலாம்."

கோளாறு எனக்குத் தெரியும். ஒவ்வொரு கார்புரேட்டருக்குள்ளும் ஸ்லைடு என்று ஒரு சின்ன உருளை உண்டு. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கேபிள் இழுக்க, அது மேலே எழுந்து காற்றை உள்ளே விடும். இரண்டும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் உழைக்கும், மற்றது ஓசியில் வரும்.

ஞாயிறு காலை முற்றத்தில் செய்தித்தாளை விரித்து ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஒரே தடிமனில் இரண்டு டிரில் பிட் எல்லாம் பெரிய டாக்டர் மாதிரி அடுக்கினேன். ஸ்லைடுகளுக்கு அடியில் பிட்டுகளைச் செருகி, இரண்டையும் ஒரே உயரத்தில் உட்கார வைத்தாயிற்று. இனி ஒன்றாக எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டாமல் அவள் மெதுவாக முறுக்க, நான் இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் விரலை விட்டு ஸ்லைடுகளைத் தொட்டுப் பார்த்தேன். நஞ்சன்கூடு ஃபேக்டரியில் இரும்போடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன விரல்கள். ஒரு மண்ணும் தெரியவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

அவள் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். "நீங்க முறுக்குங்க. நான் தொட்டுப் பாக்கறேன்."

கண்ணுக்குத் தெரியாத முடிச்சை ஓடுகிற நூலில் விரலால் பிடிப்பது அவள் தொழில். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடது பக்கத்துது முந்துதுங்க."

இடது கேபிளின் திருகைக் கொஞ்சம் திருப்பினேன்.

"இப்ப வலது முந்துது. ரொம்பத் திருப்பிட்டீங்க. ஸ்வல்ப பின்னாடி வாங்க."

இப்படியே அரை மணி நேரம். என்னை இத்தனை தடவை திருத்திய யாரிடமும் நான் கோபப்படாமல் இருந்ததில்லை. அன்று வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள்.

"இப்ப ரெண்டும் ஒண்ணா எந்திரிக்குது," என்றாள் கடைசியில்.

கிளப்பினேன். வண்டி ஒரு விக்கல் இல்லாமல், ஓரிடத்திலும் நிற்காமல், எங்கள் இருவரையும் மலை உச்சியில் கொண்டுபோய் இறக்கியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். அவளும் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவை தொட்டதுமே அவளும் 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். வண்டி பாதி மலையில் நின்றிருக்கும், மொபெட் அவளுக்கு வந்திருக்கும்.

"ஏன் அப்படிச் சொல்லல?" என்று கேட்டே விட்டேன்.

"கைக்கு ஒண்ணு தெரியுது, வாய் வேற சொல்றதுங்களா?" என்றாள். "அப்படி வாங்குன வண்டிய நான் எப்படி ஓட்டறது?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது, இவள் என் மனைவி என்று பெருமையாகவும் இருந்தது.

மறுவாரமே வண்டியை விற்றேன். "அதுதான் மலை ஏறிடுச்சுங்களே!" என்று அவள் சண்டைக்கு வந்தாள். மொபெட் வீட்டுக்கு வந்த அன்று நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.