ஒத்தாவியோ செய்த பஸ் பதக்கம்

ஒத்தாவியோ செத்திட்டாராம்… காலமை அவற்ர மகள் மெசேஜ் போட்டிருக்கிறா.

மூண்டு தரம் வாசிச்சிட்டன். லா ஷப்பல் ஸ்டேஷனிலை மெட்ரோ ரயிலுக்கு நிண்ட நான், ஏறாமல் அடுத்த ஸ்டேஷன் ஸ்டாலின்கிராட் வரைக்கும் நடந்து, திரும்பவும் நடந்து வந்து, இப்ப ரூ காய் தெரு மூலைக் கடை வாசலிலை தேத்தண்ணியோடை நிண்டு இதை எழுதுறன். ஒரு இடத்திலை இருக்க ஏலாமக் கிடக்கு.

உங்களுக்கு ஆளைத் தெரியாது. போர்த்துக்கல்காரர், சிற்பி. பதக்கம் செய்யிற பட்டறை ஒண்டிலை பதினொரு வருசம் ஒண்டா வேலை செய்தனாங்கள்.

அவர் பெரிய பிளாஸ்டர் தட்டிலை முகங்களைச் செதுக்குவார். மெஷின் அதைச் சின்னதாக்கி அச்சாக்கும். அடிச்சு வாற பதக்கத்தை பொலிஷ் பண்ணுறது நான்.

மேயர்மார், டொக்டர்மார், சைக்கிள் வீரர்… எத்தினை பேரை உள்ளங்கைக்குள்ளை அடக்கின மனுசன். சாப்பிடேக்கையும் பாணைப் பிச்சு உருட்டி ஆற்றையோ மூக்கைச் செய்துகொண்டிருப்பார்.

இருபது வயசிலை மலை தாண்டிக் களவா பிரான்சுக்கு வந்தவர். ஆபிரிக்காவிலை அவையின்ர நாடு நடத்தின சண்டைக்கு வரச்சொல்லி ஆமிக் கடிதம் வர, வெளிக்கிட்டவர். இஞ்சை பகலிலை கட்டட வேலை, பின்னேரம் சிற்ப வகுப்பு.

ஒருக்கா எங்கட வீட்டை சாப்பிட வந்து, என்ர மனிசியைப் பக்கவாட்டிலை பாத்துக்கொண்டே இருந்தார். அவவுக்கு அந்தரமாப் போச்சுது. அடுத்த மாசம் அவவின்ர முகத்தோடை ஒரு வெண்கலப் பதக்கம் கொண்டந்து தந்தார்.

"என்ர மூக்கு இவ்வளவு பெரிசோ?" எண்டு மனிசி தமிழிலை என்னட்டைக் கேட்டா. நான் மொழிபெயர்க்கேல்லை… ஆனா அவருக்கு விளங்கிட்டுது, சிரிச்ச சிரிப்பு.

இண்டைக்கு மண்டைக்குள்ளை நிக்கிறது அந்த பஸ் பதக்கம்தான்.

அவற்ர சொந்த ஊரிலை இருந்து ஓடர் வந்தது. அதே சண்டைக்குப் போன பெடியளின்ர நினைவா ஒரு பதக்கம். மாட்டன் எண்டுதான் சொல்லுவார் எண்டு நினைச்சனாங்கள்… ஓம் எண்டிட்டார்.

பெடியளை ஏத்திக்கொண்டு போன பஸ்ஸைச் செதுக்கினார். யன்னலுக்கு யன்னல் ஒரு முகம். ஒரு சீற் மட்டும் வெறுமை.

ஊர்க்காரருக்குப் பிடிக்கேல்லை. பிழை மாதிரிக் கிடக்கு, ஆளைப் போடுங்கோ எண்டு எழுதினவை. முதலாளியும் ஒரே ஆக்கினை.

மூண்டு நாள் மனுசன் வேலைக்கு வந்து பட்டறைக்குள்ளை மேலையும் கீழையும் நடந்தார். உளியைத் தொடேல்லை.

நாலாம் நாள் அந்தச் சீற்றிலை ஒரு முகம் இருந்தது. விட்டுக்குடுத்திட்டார் எண்டு எல்லாரும் நினைச்சினம்.

முதல் அடிச்ச பதக்கம் என்ர கைக்கு வந்தது. துடைக்கத் துடைக்க… அது அவர். மீசை அரும்பின, இருபது வயசு ஒத்தாவியோ.

போகாத ஆளை ஏன் பஸ்ஸிலை ஏத்தினீங்கள் எண்டு கேட்டன்.

பக்கத்து சீற் முகத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரே தெருவாம். இவர் மலை தாண்ட வா எண்டு கூப்பிட, தாய்க்குச் சுகமில்லை எண்டு நிண்டவனாம். பிறகு சண்டையிலை இருந்து திரும்பேல்லை.

"அவன் தனியப் போனவன்" எண்டார்.

ஊரிலை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. கிழவர்மார் அந்தப் பதக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட படம் ஒண்டு பேப்பரிலை வந்தது. பாத்தார், மடிச்சார், திரும்ப விரிச்சுப் பாத்தார்.

அண்டைக்கு நானும் சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்பிடி ஊரிலை நிண்டிட்ட ஒருத்தன் இருந்தவன். நான் கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு என்ர பையைத் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் வந்தவன்…

வாய் வரைக்கும் வந்தது. பொலிஷ் மெஷினைப் போட்டிட்டன்.

பென்சன் எடுத்த பிறகு நகரத்துக்கு வெளியிலை, பொண்டியிலை இருந்தவர். போன மாசம் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வா எண்டவர். மழை எண்டு சொல்லிப் போகேல்லை… மழையாம்.

உடம்பை ஊருக்குக் கொண்டு போகினமாம். அதுக்கு முதல், வியாழக்கிழமை பொண்டிச் சேர்ச்சிலை பூசை. லீவு கேட்டிட்டன்.

போங்கோ, ஒத்தாவியோ… என்ர பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்ர பெயர் கெங்கா. எங்கட வீட்டிலை இருந்து மூண்டாம் வீடு.