சீமைக் கிழங்கும் என் கைராசியும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் முதல் நாற்றை நட, கைராசிக்காரன் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டக்கூலியான எனக்கு இருந்த ஒரே மரியாதை அது.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம். பருத்தி முதலாளி ஒருவர், தம் பங்களா முன்னால் வைக்க, டவுன் பூச்செடிக் கடையில் டேலியாக் கிழங்கு வாங்கினார். சீமையிலிருந்து மரத்தூள் பெட்டியில் வந்த சரக்கு. நட்டவன் நான். பங்களாக் கிணறு உப்பு என்பதால் பாளையம்பட்டியிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினேன். முழ உயரம் வந்த செடிகள் ஒரு மத்தியானம் தலை தொங்கின. மாலையில் தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. மூன்று நாளில் எல்லாம் சாய்ந்தன. தோண்டினால் கிழங்கு கூழாகி நாறியது.

முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: “கெழங்கு தங்கம். நட்ட கை சரியில்ல.”

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. வெட்டி நட்டாலே தழைக்கும் முருங்கைப் போத்தை நடுவதற்குக்கூட என்னைக் கூப்பிட யோசித்தார்கள்.

அழுகியதை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே ஒரு தறிக்காரர் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, பொணத்தத் தூக்கிட்டு வாரே?” என்றார் கடைக்காரர். “ஒங்க கரிசலுக்கு எருக்கஞ்செடிதான் வரும்.”

விதை வெங்காயம் வாங்கினால்கூட ஒன்றை வெட்டிப் பார்க்கிறவர்கள் நாங்கள். கப்பல் சரக்கென்றதும் கும்பிட்டு வாங்கிக்கொண்டோமே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. கடைக்காரரின் சரக்குப் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து, இடுப்பிலிருந்த கத்தியால் வெட்டினேன். உள்ளே பழுப்பு வளையம். அமுக்கினால் சீழ் போல வடிந்தது. இன்னொன்றை வெட்டினேன், அதுவும் அப்படியே.

“ஏய், சீமைச் சரக்குய்யா! வெட்டிப் போட்டா எவன் வாங்குவான்?”

“வெட்டாம இருந்தா நான் வாங்கீருப்பேன்,” என்று தறிக்காரர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு என்னைக் காட்டினார். “அண்ணாச்சி கை நல்லாத்தான் இருக்கு. ஒம்ம மூக்குதான் செத்துப்போச்சு.”

கடைக்காரர் அசரவில்லை. வெட்டிய துண்டுகளைக் காலால் தள்ளிவிட்டு, மீதியைத் துணியால் துடைத்து, அடுத்து வருகிறவர்களுக்காக அடுக்கினார். தெரிந்தேதான் விற்றிருக்கிறார். தன் சரக்கைக் காப்பாற்ற ஒரு கூலிக்காரன் பெயரைக் கெடுத்திருக்கிறார். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

மறுநாள் பாலவனத்தத்தில் மிளகாய் நாற்று நட்டார்கள். முதல் நாற்றை வேறொருவர் நட்டார்.