முகத்தின் இடப்பக்கம்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் என் கணவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் என் தாய்மாமன் மகன். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அறுபதுகளில், அகதிகளைக் குடிவைத்த குடியேற்ற ஊர்களிலிருந்து பஸ்ஸிலும் படகிலும் வரும் வங்காளிப் பெண்கள், வேறு கடைகளைத் தாண்டி எங்கள் கடைக்கு வருவார்கள். அவர் முகம் அப்படி. வாய் திறக்கும் முன்பே சிரித்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தவர், வாய் கொப்பளித்த தண்ணீர் நிற்காமல் இடது ஓரமாக வழிகிறதே என்றார். விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று எண்ணி அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மெயின்லேண்டிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நிதானமாக இந்தியில் விளக்கினார். கை கால் சதை எலும்பில் தொடங்கி எலும்பில்தான் போய்ப் பிடிக்குமாம். முகத்துச் சதை அப்படியில்லை. பெரும்பாலும் எலும்பில் தொடங்கித் தோலில் போய் முடியும். உதட்டோரத்தில் சில இழைகள் வாயின் உள்பக்க ஈரத்தோலிலும் ஒட்டியிருக்கும். தோலையே பிடித்து இழுப்பதால்தான் மனிதன் சிரிப்பதும் முகம் சுளிப்பதும். அந்தச் சதைக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, சில மாதத்தில் சரியாகிவிடும், தூங்கும்போது மட்டும் கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள் என்றார்.

வீட்டில் இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. முகம்தானே, கையில்லையே என்று கடைக்குப் போனார்.

அந்த வாரமே ஒரு வங்காளிப் பெண் வந்தார். எப்போதும் சிவப்புக் கரைச் சேலை எடுப்பவர். அன்று கரையில்லாத வெள்ளைச் சேலை கேட்டார். புருஷனை இழந்துவிட்டார் என்று மச்சானுக்குப் புரிந்துவிட்டது. துக்கத்தோடுதான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். ஆனால் மச்சான் முகத்தில் வலப்பக்கம் மட்டும் இழுத்துக்கொள்ள, இடப்பக்கம் அப்படியே நின்றிருக்கிறது.

"ஹஸ்தே ஹோ, பாயி?" என்று கேட்டாராம் அந்தப் பெண். சிரிக்கிறீர்களா என்று. இவர் பதில் சொல்வதற்குள் எடுத்த சேலையை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

என்னிடம் அதைச் சொன்னபோது அவருக்குப் பேச்சு குழறியது. "நான் சிரிக்கலன்னு அந்தம்மாகிட்ட யாரு புள்ள சொல்லுவா?"

மறுநாளிலிருந்து முன்னால் அவருடைய தம்பி உட்கார்ந்தார். மச்சான் உள்ளே துணி மடித்தார். குடியேற்ற ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சொல்வார். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

கண் மெதுவாக மூடத் தொடங்கியது. தண்ணீர் வழிவது நின்றது. மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், டெலானிபூரில் எங்கள் வீட்டு மேட்டில் காயப்போட்ட அவர் கைலியை ஆடு தின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு முனையை இழுக்க, ஆடு மறுமுனையை விடவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு கன்னமும் ஒன்றுபோல ஏறின. இடது கண்ணும் சுருங்கியது.

"மச்சான், மொகம் நேராயிருச்சு" என்றேன்.

அந்த நிமிஷமே கை வாய்க்குப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தார். அதில் என்ன தெரியும்? சிரிக்காத முகம்தான். "எனக்காவச் சொல்ற" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

சதைக்கும் நரம்புக்கும் பிறகு ஒரு குறையும் இருக்கவில்லை. டாக்டரே தொட்டுப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் மௌத்தாகிக் கண்மூடும் வரை, ஆட்கள் முன்னால் அவர் சிரிக்க வேண்டி வந்தால் தோளில் கிடக்கும் துண்டு முகத்துக்கு வந்துவிடும். ஆடு கைலியைத் தின்ற அன்று நான் பேசாமல் நின்று, அவர் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.