வீதி முனை வரை தள்ளிய கார்

1. நான், வரதராஜன், திருச்சி நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குடியிருப்பவன்.

2. காலமான வழக்கறிஞர் சவரிமுத்துவின் காரில் தினமும் நீதிமன்றம் சென்றவன் என்ற முறையில், அவரை அறிந்த சக வழக்கறிஞர்களுக்கு இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை கார் வரவில்லை. இன்று பஸ்ஸில் சத்தமில்லாமல் போகலாம் என்று நிம்மதி அடைந்தேன். பஸ்ஸுக்காக நின்றபோது அவருடைய குமாஸ்தா சைக்கிளில் வந்து, "சார் விடியக்காலையில தவறிட்டாருங்க. மாரடைப்பு" என்றார். அப்படி நிம்மதி அடைந்ததை இனி நான் வாபஸ் வாங்க முடியாது.

காரை நீங்கள் அறிவீர்கள். வளைகுடாவிலிருந்து அவருடைய மைத்துனர் கொண்டுவந்தது. அதன் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி ஒன்றும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அறிந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க உதவும் சென்சார் ஒன்றும் இருந்தன. நம் ஊர்ப் பெட்ரோலில் கலந்த ஈயம் இரண்டையும் கெடுத்தது. காவிரிப் பாலத்தில் ஏறவே கார் திணறியது. சவரிமுத்து பெட்டியை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் வெறும் குழாயை வெல்டிங் வைக்கச் செய்தார். சென்சாரை மட்டும் கழற்ற விடவில்லை. "செத்துப்போனாலும் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்குல்ல, இருக்கட்டும்" என்றார். கார் பறந்தது. சத்தமும் பெருகியது.

அந்தச் சத்தத்துடன் முதன்முறை என் வாசலுக்கு வந்தபோது, எதிர்வீட்டுச் சேஷாத்ரி வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதை ஆட்சேபணை என்று எடுத்துக்கொண்ட நான், வீதிக்குள் இஞ்சின் ஓட வேண்டாம் என்று சவரிமுத்துவிடம் கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் வீதி முனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, ஓடிய வேகத்திலேயே காரை வாசல் வரை உருளவிட்டு வருவார். கிளம்பும்போது என்னை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பின்னாலிருந்து முனை வரை தள்ளுவார். "இறங்காதீங்க, கோட்டு கசங்கிடும். நேரா பிடிக்கறதுதான் உங்க வேலை. அதுக்கும் வாய்தா கேட்காதீங்க!" ஒருநாள் மூச்சு வாங்க நின்றுவிட்டார். நான் இறங்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பழைய இதயக் கோளாறு, தள்ளியதற்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆயினும் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள இயலவில்லை.

துக்கம் கேட்கச் சென்றேன். "உங்க தெருவுல தள்றதை நடிச்சுக் காட்டிச் சிரிப்பாருங்க" என்றார் அவர் மனைவி லூர்துமேரி. காரை விற்றுத் தரும்படியும் கேட்டார். நேற்று ஒரு டிரைவர் மூலம் அதை வரவழைத்தேன். வீதி முனையில் இஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன். வீதி அதிர வந்து நின்றது. டிரைவர் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்ப, உடனே ஸ்டார்ட் ஆனது. சேஷாத்ரி வெளியே வந்தார்.

"தானா ஸ்டார்ட் ஆற வண்டியா ஓய் இது? அப்புறம் ஏன் அந்த மனுஷரைத் தினம் தள்ள விட்டேள்? ஸ்டார்ட்டர் கெட்டுப்போச்சுன்னுன்னா நினைச்சிண்டிருந்தோம்!"

"சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"நான் எப்போ சொன்னேன்? அன்னிக்கு ஃபாரின் வண்டியைப் பார்க்கன்னா வந்தேன்!"

விசாரிக்காமல் தீர்ப்பளித்திருக்கிறேன்.

காரை நானே வாங்கிக்கொள்கிறேன். அந்தக் குழாய் அப்படியே இருக்கும். செத்த சென்சாரும் அதே ஓட்டையில் இருக்கும். இனி அது என் வாசலிலேயே ஸ்டார்ட் ஆகும்.

(ஒப்பம்) வரதராஜன்

சாட்சிகள்:
சேஷாத்ரி, எதிர்வீடு
லூர்துமேரி, சவரிமுத்துவின் மனைவி