ஆஸ்தாவின் காட்டில் வேறு இனம்

குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் வோருப் பக்கத்தில் வசந்தம் வந்தால் எல்லார் காட்டிலும் புதர் ஊலனே என்ற சிறு செடி பூத்துத் தரையை வெள்ளையாக மூடிவிடும். ஆஸ்தாவின் காட்டிலும் அப்படித்தான். கணவர் இறந்த பிறகு மாடுகளையும் காட்டையும் தனியாகப் பார்த்துக்கொண்டவள் அவள். கொட்டகைக் கூரை இறங்கிவிடவே, கொஞ்சம் மரம் வெட்ட அனுமதி கேட்டாள்.

ஜூன் தொடக்கத்தில் பார்வையிட வந்த பெண் அதிகாரி வேலியோரம் குனிந்தவர் நிமிரவில்லை. மற்ற ஊலனே எல்லாம் உதிர்ந்துவிட்டன. அங்கே மட்டும் பெரிய வெள்ளைப் பூக்கள். தண்டில் ரோமம், காய்த்த தலையில் பஞ்சு. இது புதர் ஊலனே இல்லை, காட்டு ஊலனே என்றார். ஒரே பேரினம்தான், ஆனால் வேறு இனம். அரியது என்பதால் இதைச் சட்டம் காக்கிறது. மரவெட்டு நின்றது.

ஆஸ்தாவுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் உள்ளூரப் பெருமை. சனிக்கிழமை சவுனா என்னும் வெந்நீராவிக் குளியலறையில் அடுத்த வீட்டு ஹில்யாவிடம் அதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். ஆஸ்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்துதான் சவுனாவுக்குப் போவார்கள். ஹில்யா வழக்கம்போல அவள் முதுகில் பிர்ச் மர இலைக்கொத்தால் தட்டியபடி, "உன் காடு அதிர்ஷ்டக் காடுதான், போ" என்றாள்.

மறு ஆண்டு செடிகளைப் பதிவுசெய்ய வந்த தாவரவியலாருக்குச் சந்தேகம். சுண்ணாம்பு மண்ணில் வெயில் பார்த்து வளர்வது, இந்த அமில மண்ணில், ஸ்புரூஸ் மர நிழலில் எப்படி வந்தது? வேரோரம் கிளறினார். கடையில் விற்கும் தொட்டி மண் வந்தது. யாரோ நட்டிருக்கிறார்கள்.

பஞ்சுத்தலை ஊலனே எங்கள் ஊரில் ஒரே ஒரு தோட்டத்தில்தான் உண்டு. ஆஸ்தா நேரே அங்கே போனாள். ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்த ஹில்யா மறுக்கவில்லை.

"அந்த மரமெல்லாம் போச்சுன்னா ரோட்டு லாரிச் சத்தமும் வடகாத்தும் நேரா என் படுக்கைக்குத்தான் வரும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வேலியோரம் ரெண்டு வரிசை மரம் விட்டிருப்பேனே."

"விடமாட்டேன்னு நெனச்சேன்."

"இத்தனை வருஷம் பழகி, என்னை இவ்வளவுதான் தெரிஞ்சுதா உனக்கு?"

ஹில்யா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

நட்டதைக்கூட ஆஸ்தா பொறுத்திருப்பாளாம். அன்று சவுனாவில் தான் பூரித்துப் பேசியதை எல்லாம் ஹில்யா கேட்டுக்கொண்டே முதுகில் தட்டினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

யாரோ நட்ட செடிக்குச் சட்டக் காப்பு இல்லை என்று பிறகு அனுமதி வந்தது. ஆஸ்தா வேலியோரம் இரண்டு வரிசை விட்டுத்தான் வெட்டச் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்றது ஊர். "மன்னிப்பா? நான் எப்படிப்பட்டவள்னு அவ தெனமும் பாக்கட்டும்" என்றாள் அவள்.

எங்கள் பாடற்குழுவில் இருவரும் கீழ்க்குரல், பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஆஸ்தா தன்னை மேல்குரல் வரிசைக்கு மாற்றச் சொன்னாள். உச்ச சுரம் அவளுக்கு எட்டாது. அந்த இடங்களில் வாயை மட்டும் அசைக்கிறாள்.